கவிராயர் கட்டியங்காரன் ஆன கதை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் காலையில் பல் துலக்கும்போது நினைத்ததைச் சாயங்காலத்துக்குள் சட்டமாக்கிவிடுகிற காலத்தில், ஒரு ராஜ்யம் இருந்தது. பேர் எதற்கு? ஒரு கோட்டை, இரண்டு ஏரி, நாற்பத்திரண்டு வித்வான்கள். ராஜ்யம் அவ்வளவுதான். அதை ஆண்டவர் கம்பீரசேன மகாராஜா. தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தோன்றிவிடும். அதனால் அவர் சபையில் முதலில் பேச யாரும் முன்வர மாட்டார்கள். எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி ஆளாகக் காத்திருப்பார்கள்.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் தாண்டவக்கோன். அரண்மனைக்கு வருவதற்கு முன்னால் அவன் கூத்தாடி. அங்கப்ப வாத்தியாரின் ஜமாவில் பதினோரு வருஷம் கட்டியங்காரன் வேஷம் கட்டியவன். மகாராஜா ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அவனுக்கு அரண்மனை வேலை கிடைத்தது.

கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். பார்க்காதவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுவில் கேட்கக் கூடாது. கூத்தில் ராஜா வேஷக்காரர் சும்மா நடந்து வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் கிரீடமும் புஜகீர்த்தியுமாக நிற்பார். கட்டியங்காரன் வந்து, "யாரய்யா திரைக்குப் பின்னாலே? எந்த ஊரு? என்ன சேதி?" என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் வேஷம் வெளியே வரும். கேட்காமல் வந்தால் ஊருக்கே ஆகாது என்பது வழக்கம். அப்புறம் ராஜா பாடுகிற பாட்டுக்கு எல்லாருக்கும் புரிகிற மாதிரி அர்த்தம் சொல்வதும், ராஜாவிடம் திட்டு வாங்குவதும் கட்டியங்காரன்தான். ராஜாவுக்குக் குதிரை வேண்டுமென்றால் குதிரையும் அவன்தான், கோட்டைக்குக் காவலன் வேண்டுமென்றால் அதுவும் அவன்தான். ஒரே ஆள், ஒரு கோணல் தொப்பி, கையில் ஒரு கோல்.

ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் ஏரிக்கரைத் திடலில் பத்து நாள் வீரகங்கணன் கூத்து நடக்கும். பழைய கூத்து. எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. மற்ற சீமைகளில் கூத்து ராத்திரி நடக்கும். இங்கே மகாராஜாவுக்கு விளக்கு வைத்ததும் கண் சொக்கிவிடும் என்பதால் உச்சி சாய்ந்ததும் தொடங்கி, விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவார்கள்.

அந்த வருஷம் கூத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சபையில் மகாவித்வான் ஏகாம்பரக் கவிராயர் எழுந்தார். நாற்பத்திரண்டு வித்வான்களில் முதல் இடம் அவருக்கு. மகாராஜா தாண்டவக்கோனைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொரு சிரிப்பும் அவருக்கு நெஞ்சில் குத்தும். எல்லாரும் பேசி ஓயட்டும் என்று காத்திருந்து, கடைசி ஆளாகப் பேசினார்.

"மகாராஜா! குடிமக்கள் கூத்தைக் கண்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஏன் அழுதாய் என்று கேட்டால் ஒருவனுக்கும் விடை தெரியவில்லை. பொருள் அறியாமல் அழுவது மாந்தர்க்கு அழகா?"

மகாராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன வருஷம் நாமும் அழுதோமே!"

"தாங்கள் பொருள் அறிந்து அழுதீர்கள், மகாராஜா."

மகாராஜா அவசரமாகத் தலையாட்டினார். என்ன பொருள் என்று கவிராயர் கேட்டுவிடப் போகிறாரே என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

தாண்டவக்கோன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பிறந்த உடனே நாமெல்லாம் அழுதோமே, மகாராஜா. அதற்கு யார் பொருள் சொன்னார்கள்?" என்றான்.

சபை சிரித்தது. மகாராஜாவும் சிரித்தார். ஆனால் கவிராயர் விடவில்லை. "கூத்துக்கு முன் நாள்தோறும் அடியேன் திடலில் விரிவுரை ஆற்றுகிறேன். கட்டியங்காரனின் கொச்சை விளக்கம் இனி எதற்கு?" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. ஆகவே அதுதான் சரி.

ஆணையைக் கவிராயரே எழுதினார். வேறு இரண்டு வித்வான்கள் தாங்களும் ஆளுக்கு மூன்று நாள் பேசலாமே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊசி நுழைகிற இடம்கூட விடக் கூடாது என்று யோசித்து யோசித்து எழுதினார்: "வீரகங்கணன் கூத்தில் கட்டியங்காரன் இனி வாய் திறக்கலாகாது. கட்டியங்காரன் தொழில் முழுவதும், ஒன்றும் குறையாமல், மகாவித்வான் ஏகாம்பரக் கவிராயருக்கே உரியது. வேறெவரும் அதில் தலையிடலாகாது." மகாராஜா முத்திரை வைத்தார்.

கூத்து தொடங்கியது. அதாவது, விரிவுரை தொடங்கியது.

முதல் நாள் கவிராயர் நாலு நாழிகை பேசினார். 'வீரகங்கணன்' என்ற பெயரில் 'வீர' என்பதோடு அன்றைய பொழுது போயிற்று. 'கங்கணன்' மறுநாளைக்கு. மூன்றாம் நாள் பிச்சைக்காரன் தண்ணீர் குடிக்கிற கட்டத்துக்கு வந்தார். அந்தக் கட்டத்தில், போருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கந்தல் துணியோடு திரும்பி வரும் ராஜா, கோட்டை வாசலில் தண்ணீர் கேட்பார். கிடைத்த தண்ணீரில் முதல் கை அள்ளித் தரையில் விட்டுவிட்டுத்தான் குடிப்பார். அது பஞ்சபூதங்களுக்குச் செய்யும் அர்க்கியம் என்று கவிராயர் சொன்னார். நிலத்துக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு என்று ஐந்தையும் தனித்தனியே எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் மூன்று பேர் குறட்டை விட்டார்கள்.

கூத்தும் கூத்தாக இல்லை. கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற தொப்பளான் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றான். கேட்க ஆள் இல்லாததால் அங்கப்ப வாத்தியார் மனசில்லாமல் தானே திரையை விலக்கிக்கொண்டு வந்தார். பேச ஆள் இல்லாததால் குதிரைக் கட்டம் போயிற்று. காவலன் இல்லாததால் ராஜா கோட்டை வாசலில் தனியாக நின்று, தானே கொண்டுவந்த செம்பிலிருந்து தானே தண்ணீர் குடித்தார். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திடலில் மோர் விற்கிற பேச்சாயியைக் கேட்டால் போதும். முதல் நாள் அவள் ஆறு பானை மோர் விற்றாள். நாலாம் நாள் ஒரு பானை தீரவில்லை. "கூட்டம் எங்கங்க? மழைக்கு ஒதுங்கின மாதிரி நாலு பேரு நிக்கிறான். அவனும் சேவகனைப் பாத்துப் பயந்து நிக்கிறான்," என்று தாண்டவக்கோனிடம் நொடித்தாள்.

ஐந்தாம் நாள் தாண்டவக்கோன் வேஷக் கொட்டகைக்குப் போனான். அங்கப்ப வாத்தியார் முகத்தில் பாதி அரிதாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. பருத்த உடம்பு, கணீர்க் குரல். அன்று அந்தக் குரல் கம்மியிருந்தது.

"தாண்டவா, நாப்பது வருசமா இந்த வேசம் கட்றேன். கேக்காம திரையத் தாண்டினது இந்த நாலு நாள்தான். கால் கூசுதுடா," என்றார்.

தாண்டவக்கோன் வயிற்றுக்குச் சோறு அரண்மனையில் கிடைத்தாலும், மனசு இன்னும் இந்தக் கொட்டகையில்தான் இருந்தது. நேரே சபைக்குப் போனான். வழக்கமாகச் சிரிப்போடு கலந்து சொல்கிறவன் அன்று கோபத்தில் நேராகவே சொல்லிவிட்டான்: "மகாராஜா, விரிவுரை கூத்தைக் கொன்றுகொண்டிருக்கிறது."

விகடகவி கோபத்தில் பேசினால் அவனைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? மகாராஜாவின் முகம் சுருங்கியது. "நம் முத்திரை வைத்த ஆணை தவறு என்கிறாயா?"

கவிராயர் மெல்ல எழுந்தார். கடைசி ஆளாகத்தான். "மகாராஜா, கூட்டம் குறைவது விரிவுரையால் அன்று. கூத்து பழையது, கொச்சையானது. பொருள் விளங்க விளங்க அதில் சரக்கு இல்லை என்பது மக்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐயமிருந்தால் பத்தாம் நாள் சோதித்துப் பார்க்கலாம். நாலு நாழிகை விரிவுரை, பிறகு கூத்து. மங்கலம் பாடும்வரை திடல் நிறைந்திருந்தால் கூத்து வாழட்டும். இல்லையேல் திடலில் விரிவுரை மண்டபம் எழட்டும். கூத்தாடிகளும், அவர்களுக்காக வாதாடும் தாண்டவக்கோனும் எல்லை தாண்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் மகாராஜா.

அதற்குள் தாண்டவக்கோனுக்குப் புத்தி தெளிந்துவிட்டது. கைகட்டி நின்று, "ஒரே ஒரு வேண்டுதல், மகாராஜா. பத்தாம் நாள் ஒருநாள் மட்டும் கூத்தை வெட்டாமல், தங்கள் பாட்டனார் காலத்து வழக்கப்படியே முழுதாக ஆட உத்தரவாக வேண்டும். சாகப்போகிற கூத்து கை கால் முழுசாகச் சாகட்டும்," என்றான்.

மகாராஜா கவிராயரைப் பார்த்தார். கூத்து நீள நீள ஜனம் சீக்கிரம் எழுந்து போகும் என்று கவிராயர் கணக்குப் போட்டார். "எனக்கு ஆட்சேபமில்லை. தாராளமாக முழுதும் ஆடட்டும்," என்றார் பெருந்தன்மையாக. அந்தப் பெருந்தன்மையைப் பிற்பாடு எத்தனை நாள் நினைத்து நினைத்து நொந்தாரோ!

பத்தாம் நாள் காலையில் தாண்டவக்கோனின் மனைவி சடைச்சி முற்றத்தில் கோழியைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, ஒண்ணு கேக்கறேன். போறோமா, இருக்கோமா? இருக்கோம்னா கோழிய அடைக்கு வைக்கறேன். போறோம்னா முட்டைய வேகவைச்சுக் கட்டிக்கறேன். வழியில திங்கலாம்."

"சாயங்காலம் சொல்றேன் புள்ள."

"நெதம் ஊரையே சிரிக்க வைக்கிறீங்க. அன்னிக்கு ஒருநாள் அந்த ராசாவச் சிரிக்க வைச்சிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? கோவப்பட வேற நாளே கெடைக்கலியா?" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கொட்டகையில் அங்கப்ப வாத்தியாரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "வாத்தியாரே, இன்னிக்கு வழக்கம் மாறக் கூடாது. கேக்காம திரையத் தாண்டாதீங்க. யார் கேட்டாலும் சரி, கேக்கறவன்தான் இன்னிக்குக் கட்டியங்காரன். கட்டியங்காரனை எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்க."

"யாருடா கேக்கப் போறான்? தொப்பளான் வாயத் தெறந்தா தலை போயிடுமே!"

"கிரீடத்தக் கட்டுங்க. மத்தது என் பாடு."

கடைசி நாள், முழுக் கூத்து என்று தமுக்கடித்திருந்ததால் அன்று கூட்டம் ஓரளவு வந்திருந்தது. கவிராயர் சரிகை உத்தரீயத்தோடு மேடையேறினார். இதுவரை சொன்னதையெல்லாம் தொகுத்துச் சொல்லப்போவதாக அறிவித்தார். ஜனம் பெருமூச்சு விட்டது. நாலு நாழிகை முடிகிறபோது பாதிப் பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள். கவிராயர் திருப்தியாக வந்து மகாராஜா பக்கத்தில் உட்கார்ந்தார்.

மத்தளம் முழங்கியது. திரையைப் பிடித்தார்கள். திரைக்கு மேலே வீரகங்கணனின் கிரீடம் தெரிந்தது. சலங்கைச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். திரை விலகவில்லை.

மத்தளம் இன்னொரு சுற்று அடித்து ஓய்ந்தது. தாளக்காரர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து நின்ற ஜனங்கள் என்னடா இது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மகாராஜா பொறுமை இழந்தார். "ஏன் வேஷம் வரவில்லை?"

தாண்டவக்கோன் எழுந்து கும்பிட்டான். "கட்டியங்காரன் கேட்காமல் வேஷம் வெளியே வரக் கூடாது, மகாராஜா. பாட்டனார் காலத்து வழக்கப்படி முழுதாக ஆட உத்தரவு."

"அப்படியானால் கட்டியங்காரன் கேட்க வேண்டியதுதானே?"

"தொப்பளான் வாய் திறக்கக் கூடாது என்று ஆணை இருக்கிறதே, மகாராஜா." மடியிலிருந்து ஓலை நகலை எடுத்தான். மோர்ப் பானைவரை கேட்கிற மாதிரி வாசித்தான்: "கட்டியங்காரன் தொழில் முழுவதும், ஒன்றும் குறையாமல், மகாவித்வான் ஏகாம்பரக் கவிராயருக்கே உரியது. வேறெவரும் அதில் தலையிடலாகாது."

எங்கோ ஓரத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

கவிராயர் முகம் வெளிறியது. "மகாராஜா! விளக்கம் சொல்லும் தொழில் என்றல்லவா அடியேன்..."

மகாராஜா ஓலையை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "முழுவதும் என்று இருக்கிறது. ஒன்றும் குறையாமல் என்றும் இருக்கிறது. உமது கையெழுத்துதானே, கவிராயரே?"

"ஆம், ஆனால்..."

"நம் முத்திரைதானே?"

ராஜ முத்திரைக்கு எதிராகப் பேசினால் என்ன ஆகும் என்பதை ஐந்து நாளைக்கு முன்னால் சபைக்குக் காட்டியவரே அவர்தான். கவிராயர் உத்தரீயத்தைச் சரி செய்துகொண்டு ஆடுகளத்தில் இறங்கினார். தாண்டவக்கோன் கோணல் தொப்பியையும் கோலையும் இரண்டு கையாலும் ஏந்தி, மிகுந்த மரியாதையோடு நீட்டினான்.

பேச்சாயி மோர்ப் பானையை அப்படியே விட்டுவிட்டுப் பாதைப் பக்கம் ஓடினாள். "ஏய், எங்கடி போறீங்க? திரும்பி வாங்கடி! கவிராயரு தொப்பி போட்டுக்கறாரு!" என்று அவள் போட்ட கூச்சல் ஏரியின் அக்கரைவரை கேட்டது. போனவர்கள் ஓடி வந்தார்கள். வரப்பில் நடந்துகொண்டிருந்தவர்கள் வரப்பை விட்டு வயலில் இறங்கி ஓடி வந்தார்கள். விரிவுரையையே எட்டிப் பார்க்காத ஜனமெல்லாம் வந்து சேர்ந்தது.

கவிராயர் தொண்டையைச் செருமினார். "திரைக்கு அப்பால் நிற்கும் தாங்கள் எவரோ? எந்நாட்டினரோ? ஈண்டு எழுந்தருளிய காரணம் யாதோ?"

கிரீடம் தலையில் ஏறிவிட்டால் அங்கப்ப வாத்தியாருக்கு எதிரே நிற்பது யார் என்பது தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து கணீரென்று குரல் வந்தது: "அடே கட்டியங்காரா! என்னடா முனகல்? காலையில சாப்பிட்டியா இல்லியா? வாயத் தெறந்து கேளுடா!"

திடல் அதிர்ந்தது. நாற்பத்தொரு வித்வான்களும் உத்தரீயத்தை வாயில் திணித்துக்கொண்டார்கள். கவிராயர் இன்னொரு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கோபத்தில் இலக்கணமெல்லாம் பறந்துபோய், "யாருய்யா நீ? சீக்கிரம் வெளியே வாயேன்!" என்று கத்திவிட்டார். உடனே திரை விலகியது. கட்டியங்காரன் கேட்க வேண்டியது கிட்டத்தட்ட அதுதான்.

அதன் பிறகு ஒன்றும் குறையவில்லை. ராஜா பாடினார், கவிராயர் அர்த்தம் சொன்னார். விளக்கத்தை நீட்டினால் ராஜா சலங்கைக் காலால் தரையில் ஓங்கி மிதித்து, "போதும்டா, அடுத்த பாட்டு!" என்றார். போருக்குப் புறப்படும் கட்டம் வந்தது. "குதிரை எங்கடா?" என்றார் ராஜா. கவிராயர் பரிதாபமாக மகாராஜாவைத் திரும்பிப் பார்த்தார். மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒன்றும் குறையாமல், கவிராயரே," என்றார். பேச்சே வரவில்லை அவருக்கு. அவ்வளவு சிரிப்பு.

கவிராயரின் சரிகை உத்தரீயம் கடிவாளமாயிற்று. அங்கப்ப வாத்தியார் பின்னால் பிடித்துக்கொள்ள, கவிராயர் மூன்று சுற்று ஓடினார். நாலு நாழிகை பேசிய தொண்டை, வெயிலில் மூன்று சுற்று ஓட்டம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் சுற்றில் ராஜா கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். கூத்தில் உள்ளபடி செம்பை வாங்கினார். கனத்த கிரீடத்துக்குக் கீழே அவருக்கும் வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முதலில் குதிரையின் கழுத்தைத் தடவி, "நீ குடி என் கண்ணு. அப்புறம் நான் குடிக்கறேன்," என்று சொல்லி, தன் உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கவிராயர் வாயருகே நீட்டினார்.

கவிராயர் குடித்தார். நடிப்பு எங்கே வந்தது? தாகம். மடக்மடக்கென்று குடித்து, நிமிர்ந்து, வாத்தியார் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போர்க்களத்தில் அம்பு பட்டுக் குதிரை விழ வேண்டும். விழச் சொன்னதும் கவிராயர் சந்தோஷமாகவே விழுந்தார். படுக்க இடம் கிடைத்ததே அவருக்குப் பெரிது. ஜனம் இன்னும் சிரித்தது.

தாண்டவக்கோனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்தது கோட்டை வாசல். பதினோரு வருஷம் அவன் காவலனாக நின்ற கட்டம். சிரித்துக்கொண்டிருக்கிற ஜனத்தை ஒரு நொடியில் அடக்கி அழவைக்க வேண்டிய கட்டம். கந்தல்காரன் முதல் கைத் தண்ணீரைத் தரையில் விடுவதைப் பார்த்துக் காவலன் ராஜாவை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கட்டியங்காரன் பேச்சு கொச்சை என்று ஒருநாளும் காதில் வாங்காத கவிராயருக்கு அந்த வசனம் தெரியாது. பஞ்சபூதம் என்று ஆரம்பித்தாரானால் சிரித்த ஜனம் அலுத்துப்போய் எழுந்துவிடும். அப்புறம் எல்லை தாண்டுவதுதான். 'என் புத்தியாலே கூத்தை நானே கெடுத்துட்டேனே,' என்று தாண்டவக்கோன் தலையில் கைவைத்துக்கொண்டான். வேறெவரும் தலையிடக் கூடாது என்று அவனே ஊரறிய வாசித்தாயிற்று. இனி எழுந்து போய்ச் சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை.

அங்கப்ப வாத்தியார் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, கந்தலைப் போர்த்துக்கொண்டு வந்தார். கவிராயர் கோலை ஊன்றி வாசலில் நின்றார்.

"ஐயா, தண்ணி," என்றார் கந்தல்காரர்.

கவிராயர் செம்பைச் சாய்த்தார். வாத்தியார் இரண்டு கையையும் குவித்து வாங்கினார். குடிக்கவில்லை. கையை மெல்ல விரித்து, முதல் கைத் தண்ணீர் முழுவதையும் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி தரையில் விட்டார். காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொண்டது.

கவிராயர் மண்ணையே பார்த்தார். அவர் கை தானாகத் தன் கழுத்துக்குப் போயிற்று.

"ஐயோ!" என்றார். திடலுக்கே கேட்டது. "அது குதிரைக்கு! பூதமும் இல்லை, புண்ணாக்கும் இல்லை! முதல் கை குதிரைக்குய்யா! செத்துப்போன குதிரைக்கு!"

கோல் கையிலிருந்து விழுந்தது. கவிராயர் வாத்தியார் காலடியில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாகக் காவலன் பேசிய வசனமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இவ்வளவு அதிர்ச்சியோடு அதை யாரும் சொன்னதில்லை, தாண்டவக்கோன் உட்பட.

பேச்சாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்தவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். ராணி வந்தாள், ராஜாவைத் தெரிந்துகொண்டாள், மங்கலம் பாடினார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. மகாராஜா சிம்மாசனத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொருள் தெரிந்தா தெரியாமலா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் அவருக்குக் கவிராயரின் மூன்று சுற்று ஓட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. வெடித்துச் சிரித்தார். "கவிராயரே! பத்து நாள் பேசியதில் விளங்காதது ஒரு வாய்த் தண்ணீரில் விளங்கிவிட்டது, பார்த்தீரா? திடல் நிறைந்திருக்கிறது. கூத்து வாழட்டும். தாண்டவக்கோனே, நீ எங்கும் போகவேண்டாம்!" தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவன் கையில் மாட்டினார். அங்கப்ப வாத்தியாருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அந்த ஆணையை மாற்றி எழுத வேண்டும், மகாராஜா. அதையும் கவிராயர் ஐயாவே எழுதட்டும். அவர் எழுத்தில் ஓட்டை இருக்காது," என்றான் தாண்டவக்கோன்.

கவிராயர் அவனை முறைத்தார். தொப்பி இன்னும் தலையில்தான் இருந்தது. "ஊர் முன்னால் என்னைக் குதிரையாக்கிவிட்டாயே, தாண்டவா!"

"நான் எங்கே ஐயா ஆக்கினேன்? நான் வாசிக்கத்தானே செய்தேன்!"

கவிராயர் என்ன நினைத்தாரோ, ஓலையையும் எழுத்தாணியையும் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்த மண்ணிலேயே இருந்து எழுதினார். ஒரு ஆணைக்கு ஒரு கட்டு ஓலை கேட்கிறவர், அன்று பாதி ஓலையில் முடித்து நீட்டினார். மகாராஜா வாங்கி உரக்க வாசித்தார்:

"இனி முதலில் கூத்து. கட்டியங்காரன் தாராளமாகப் பேசலாம். கூத்து முடிந்த பிறகும் யாராவது உட்கார்ந்திருந்தால், குதிரையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் சொல்கிறேன்."

ராஜ ஆணையில் 'நான்' என்று எழுதக் கூடாது என்பது அரண்மனை எழுத்தர்களில் கடைசி ஆளுக்குக்கூடத் தெரியும். மகாவித்வானுக்குத் தெரியாதா? மகாராஜா அவரை ஒரு தடவை பார்த்தார், சிரித்தார், திருத்தாமல் அப்படியே முத்திரையை வைத்தார்.